ஒரு டேப் நீளமும் ஒரு சாணும்

கொரோனாவின் முதல் அலை தணிந்து, உச்சிப்புளியில் தையல் வகுப்பு மறுபடி தொடங்கியது. அறைக்குள் காற்று வராது என்று டீச்சர் அதைத் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னந்தோப்புக்கு மாற்றியிருந்தார். ஆளுக்கு ஒரு பாய், பாய்க்குப் பாய் ஆறடி, முகத்தில் மாஸ்க். இதுதான் சட்டம். எனக்கு மிகவும் பிடித்த சட்டம். ஏனென்றால் என் அம்மாவுக்கு மூச்சிழுப்பு நோய். நானோ இறால் கம்பெனியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இறால் உரித்தவள். ஜாக்கெட் வெட்டப் பழகிவிட்டால் அந்த வேலைக்கு மறுபடி போக வேண்டாம், அம்மாவும் பிழைப்பாள்.

நான் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். முகாமில் யாருக்கோ காய்ச்சல் என்று பேச்சு கிளம்பியதும், மறுநாள் என் பாய் ஆட்டுக்கொட்டகை ஓரத்தில் கிடந்தது.

"கொஞ்ச நாளைக்கு அங்கன உக்காரு தாயி, எல்லாரும் பயப்படுறாக" என்றார் டீச்சர்.

அங்கிருந்து பார்த்தால் டீச்சர் துணியில் சாக்பீஸால் போடும் கோடு தெரியாது, சொல்வதும் கேட்காது. அதுகூடப் போதவில்லை புதுமடத்துக்காரி ஒருத்திக்கு. "கேம்ப்ல இருந்து வாரவுகள நிப்பாட்டி வைங்க டீச்சர். எங்க வீட்ல சின்னப் புள்ளைக இருக்கு" என்றாள்.

சொன்னவளின் மாஸ்க் தாடையில் தொங்கியது. ஒரே பாயில் மூன்று பேராக நெருக்கியடித்து, ஒரே பொட்டலத்தில் கைவிட்டு மிக்சர் தின்றுகொண்டிருந்தார்கள். ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோபம் வந்தால் என் வாயில் அம்மாவின் யாழ்ப்பாணப் பேச்சுதான் வரும்.

"நான் ஏன் போகோணும்? பயமெண்டா எனக்கும் பயம்தான். ஆறடி எண்டா எல்லாருக்கும் ஆறடி!"

இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். டேப் ஐந்தடிதான். அதற்குமேல் ஒரு சாணும் நாலு விரலும் கூட்டி, பாய்க்குப் பாய் அளந்து, மணலில் குதிகாலால் கோடு கிழித்தேன். மிக்சர்காரிகளையும் தனித்தனிப் பாயில் உட்காரச் சொன்னேன்.

"ஏ ஆத்தி, போலீசு வந்துருச்சு" என்று யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். கடைசியாக என் பாயை நானே முன்வரிசைக்கு இழுத்து வந்து, அதே அளவில் போட்டு உட்கார்ந்தேன். டீச்சரும் தன் நாற்காலியைத் தூக்கிக் கோட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் அளந்த பிறகுதான் வகுப்பு. எல்லோரும் தள்ளி உட்கார்ந்ததால் நான் மட்டும் தள்ளிவைக்கப்பட்டவளாக இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் பயமில்லாமல் படுத்தேன்.

ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் பாடம் வந்தது. அதை ஆறடி தள்ளி நின்று செய்ய முடியாது. அவரவர் தெரிந்தவரோடு ஜோடி சேர்ந்தார்கள். நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தனியாக நின்றேன். தலையை மட்டும் குனியவில்லை.

புதுமடத்துக்காரி, மாஸ்க் தாடையில் தொங்க, தன் கோட்டைத் தாண்டி வந்து, என் முன்னால் முதுகைக் காட்டி நின்றாள்.

"நீயே எனக்கு அளவு எடு. மணல்ல கோடு போட்டப்பவே ஒரு இஞ்சு விட்டுக்குடுக்கலையே நீ."

டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன். ஆனால் தொடவில்லை.

"முதல்ல மாஸ்க்க மேல ஏத்துங்க" என்றேன்.