கயிற்றின் கடைசி ஆள்

என் அக்கா மகனை வீட்டில் நோஞ்சான் என்றுதான் கூப்பிடுவோம். எடை நாற்பத்தெட்டு கிலோ, கண்ணாடி, செருப்பு உட்பட. பள்ளியில் விளையாட்டு விழா வந்தால் அவனுக்குத் தவறாமல் வயிற்றுவலியும் வரும். அப்பேர்ப்பட்டவன் வெளிநாட்டுக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போய், அந்த ஊர்த் திருவிழாவில் கயிறு இழுத்துவிட்டு வந்திருக்கிறான். நான் நம்புகிறேன். பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும். இதைச் சொன்னபோது காது வெளுத்திருந்தது.

அவன் போனது லிஃப்ட் பழுது பார்க்கும் ஒரு சின்ன கம்பெனி. பட்டறை முழுக்க கிரீஸ் வாசனை, மூலையில் தேய்ந்த கம்பிவடச் சுருள்கள், சுவரோரம் லாக்கர் வரிசை. அதில் ஒன்று மட்டும் எப்போதும் திறந்தே கிடக்கும். உள்ளே ஒரு பெரிய கோப்பை. தினமும் காலையில் யாராவது ஒருவர் அதை எடுத்துக் கழுவித் துடைத்துத் திரும்ப வைப்பார்.

"இது யாரோடது?" என்று கேட்டான். (அவர்கள் பேசியது அவர்கள் மொழி. அவன் என்னிடம் சொன்னது நம் மொழி.)

"மலையோடது," என்றார் மெக்கானிக் ஒருவர், வாயில் உணவோடு.

"லீவுல இருக்காரா?"

"செத்துட்டார். ரெண்டு வருஷமாச்சு."

மலை என்பது பட்டப்பெயர். ஆள் அப்படி. ஆண்டுதோறும் ஊர்த் திருவிழாவில் கம்பெனிகளுக்குள் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். எட்டுப் பேரில் கடைசி ஆளாகக் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு மலை நிற்பார். அவர் நின்றவரை இவர்கள் தோற்றதில்லை. ஒருநாள் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த இரண்டு திருவிழாவிலும் கடைசி இடத்தைக் காலியாக விட்டு ஏழு பேர் இழுத்தார்கள். இரண்டு தடவையும் ஜெயித்தார்கள். "மலை இழுத்துட்டாரு!" என்று கட்டிப்பிடித்து அழுதார்கள்.

இந்த வருடம் விழாக்குழு கறாராகச் சொல்லிவிட்டது: எட்டுப் பேர் இல்லையென்றால் வராதீர்கள். ஃபோர்மேன் பட்டறையை ஒரு சுற்று பார்த்தார். பார்வை நோஞ்சானிடம் வந்து நின்றது.

"தம்பி, நீ நில்லு."

"நானா சார்? நான் ஃபேன் காத்துக்கே சாயுற ஆளு."

"அதான் வேணும். உன்ன நாங்க ஆள் கணக்குலயே சேர்க்கல. ஆறு மாசத்துல போயிடுவ. நீ நின்னாலும் இடம் காலியா இருக்குற மாதிரிதான். கயித்தச் சுத்திக்கிட்டு சும்மா நில்லு. இழுத்துடாத."

பயிற்சிக்கு வருபவர்களை ஆளாக மதிக்காத கம்பெனிகள் உலகெங்கும் உண்டு. ஆவிக்கு இடைஞ்சல் செய்யாத உருப்படி என்று ஒருவனைத் தேர்ந்தெடுத்த கம்பெனி இது ஒன்றாகத்தான் இருக்கும். சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஃபோர்மேன். நோஞ்சான் தலையாட்டிவிட்டான்.

கையுறை வாங்க ஸ்டோர் அறைக்குப் போனான். ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் மலையின் மனைவி. எந்த நாட்டுக்குப் போனாலும் நம் பையன் வாயில் அக்காதானே வரும்?

"அக்கா, கையுறை."

"இழுக்காதன்னு சொன்னாங்களா?"

"ஆமாக்கா."

அவர் கதவைச் சாத்தினார். "நீ இழு."

அவன் விழித்தான்.

"போன வருஷம் ஜெயிச்சுட்டு எல்லாரும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'இன்னும் நம்மகூடத்தான் இருக்காரு'ன்னு சொல்லி அழுதாங்க. அப்புறம் சந்தோஷமா அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. அவரு எங்கூட வந்துட்டாரு." குரலில் அழுகை இல்லை, சரக்குப் பட்டியல் வாசிப்பது போல இருந்தது. "கட்டில்ல அவரு பக்கம் இன்னும் அமுங்குது, தம்பி. தங்கச்சி தன்னோட வந்து இருக்கச் சொல்றா. வீட்டப் பூட்டிட்டுக் கிளம்ப முடியல. உள்ள ஆள வெச்சிட்டு எப்படிப் பூட்டுறது? அந்த எடத்துல ஒரு ஆளு நின்னு நிஜமா இழுத்தாத்தான் அவரு விடுவாரு."

திருவிழா மைதானத்தில் ஒலிபெருக்கி அலறியது. பலூன், தூசி, சாக்கு ஓட்டத்தில் உருண்டு விழுந்த பிள்ளைகள். எதிரணி ரொட்டித் தொழிற்சாலைக்காரர்கள். ஒவ்வொரு கையும் உலக்கை. மூன்று சுற்று. நோஞ்சான் இடுப்பில் கயிற்றைச் சுற்றிவிட்டார்கள்.

முதல் விசில். அவன் சும்மாதான் நின்றான். அப்போதுதான் உணர்ந்தான்: அவனுக்குப் பின்னால் தரையில் கிடக்க வேண்டிய கயிற்று முனை கிடக்கவில்லை. விறைப்பாக, அவன் இடுப்பைப் பின்னோக்கி இழுத்தபடி இருந்தது. திரும்பிப் பார்த்தான். வெறும் புல். அதற்குப் பிறகு அவன் திரும்பவில்லை. சுற்று இவர்களுக்கு.

இரண்டாவது விசிலுக்கு முன் வேலிப்பக்கம் பார்த்தான். அக்கா நின்றிருந்தார். கை தட்டவில்லை, கையசைக்கவில்லை. வேலிக்கம்பியை மட்டும் இறுகப் பிடித்திருந்தார்.

விசில் ஊதியதும் நோஞ்சான் குதிகாலை மண்ணில் ஊன்றி, பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த பலத்தையெல்லாம் போட்டு இழுத்தான். பின்னாலிருந்த பிடி தளர்ந்தது. முனை அவன் குதிகாலில் வந்து விழுந்தது. அடுத்த கணம் இவர்கள் எட்டுப் பேரும் தரதரவென்று இழுபட்டுக் கோட்டைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது சுற்றிலும் அதே கதி.

"இழுத்தியாடா?" என்று ஃபோர்மேன் கத்தினார்.

"இழுத்தேன் சார்."

சான்றிதழில் 'சொல்பேச்சு கேட்பதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அக்காவுக்கு, அதாவது என் அக்காவுக்கு, அந்த மொழி தெரியாது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள்.

மைதானம் காலியானதும் ஸ்டோர் அக்கா வந்தார். கயிறு ஸ்டோருக்குச் சேர வேண்டியது.

"விட்டுட்டாரா?"

"விட்டுட்டாருக்கா."

"வெடுக்குன்னா, மெதுவாவா?"

அவன் யோசித்தான். "மெதுவாத்தான். நான் கீழ விழுந்துடாம."

அவர் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். முன்பக்கத்திலிருந்து, மலை பிடித்திருந்த முனை கடைசியாகக் கைக்கு வரும்படி.