பத்தரை மணிக்கு எழுந்து நிற்கும் பிரேம்சிங்

பத்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே பிரேம்சிங் மின்விசிறியை நிறுத்திவிடுவார். தட்டுகளின் முன் உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கும் நான்கு பெண்களின் கைகளும் தானாக நின்றுவிடும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, வெறும் சுவர் ஒன்றைப் பார்த்து எழுந்து நிற்பார். அந்தச் சுவரில் படமோ சிலுவையோ கிடையாது. அந்தத் திசையில் நாலு தெரு தாண்டினால் போடி நீதிமன்றம். பத்தரைக்கு நடுவர் வந்து இருக்கையில் உட்காருவார். அதற்காக இவர் இங்கே எழுந்து நிற்கிறார்.

மூன்று நிமிடம் நிற்பார், கண்ணை மூடாமல். "எங்க மாமியா வந்தாக்கூட நான் இப்பிடி எந்திரிச்சதில்ல" என்று முதல் நாள் சிரித்தவள் பெரியம்மாள். இப்போது அவள் சிரிப்பதில்லை. அவர் நிற்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆளும் நிற்பதுபோல் இருக்கிறதாம். அந்தப் பக்கத்துப் பலகையில் உட்காருவதை விட்டுவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, அங்கே குளிருகிறது என்று மட்டும் சொன்னாள். சித்திரை மாத வெயிலில் சொன்னாள்.

பிரேம்சிங்குக்கு ஐம்பத்தாறு வயது. மலையிலிருந்து வரும் காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வாயில் போட்டுப் பார்ப்பதெல்லாம் கிடையாது. கடைவீதியில் பேச்சுக்குப் பேச்சு சத்தியம் செய்பவர்கள் நடுவே, இவர் ஒருநாளும் சத்தியம் செய்ததில்லை. வேதத்தில் வேண்டாம் என்று இருக்கிறது, அவ்வளவுதான். "ஆமான்னா ஆமா. இல்லன்னா இல்ல. அதுக்கு மேல பேசுனா அது வேற ஒருத்தன் பேச்சு" என்பார். அந்த வேறு ஒருத்தன் யார் என்று சொல்லமாட்டார்.

அவருடைய சபை சிறியது. முப்பது குடும்பம் இருக்கும். விசுவாசி இன்னொரு விசுவாசியை நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. தகராறு வந்தால் மூப்பர்கள் உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்பார்கள். கூடப்பிறந்த அண்ணன் பொதுச்சுவரை இடித்து இவர் பக்கமாகத் தள்ளிக் கட்டிக்கொண்டபோதும் இவர் வழக்குப் போடவில்லை. ஆனால் நீதிமன்றத்தை மதிக்காதவர் என்று இவரைச் சொல்லவே முடியாது. நாள்காட்டியின் பின்பக்கத்தில், போடிக்கு வந்துபோன நடுவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். எல்லா மதத்துப் பெயரும் அதில் உண்டு. தினமும் பெயர் சொல்லி ஜெபிக்கிறார். என்ன கேட்டு ஜெபிக்கிறீர்கள் என்றேன்.

"நல்லாத் தூங்கணும்னுதான்த்தா. தீர்ப்பு எழுதுற ஆளுக்குத் தூக்கம் வேணும்ல."

எழுந்து நிற்பது நடுவருக்கா என்றும் கேட்டேன். "நாற்காலிக்கு" என்றார். "அதுல யாரு ஒக்காந்தாலும் சரி. ஒக்கார வச்சவரு பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

அவர் கடைக்கு மேல்மாடியில்தான் நான் ஜூனியராக இருக்கும் வக்கீல் அலுவலகம். என் அம்மா குரங்கணிப் பக்கம் தோட்டத்தில் களை வெட்டியவள். இன்றும் நீதிமன்ற வாசல் வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடப்பாள். நான் அந்த வாசல் வழியாகக் கறுப்பு கோட்டுடன் போகிறேன். என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பிரிவுகளை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் அந்த நாற்காலியைப் பார்த்து எனக்கு இவரைப் போல ஒரு நடுக்கம் வந்ததில்லை. அது வராதது படிப்பு தந்த தெளிவா, என்னிடம் உள்ள குறையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன ஆடியில் அந்த விபத்து நடந்தது. இவருடைய தங்கை ஜெனியின் கணவர் சாம்சனுக்குச் சொந்தமாக ஜீப் உண்டு. அன்று போடியில் ஏலம் விடுவதற்காக மலைத் தோட்டத்திலிருந்து இவருடைய ஏலக்காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக இறங்கினார்கள். முன்னால் சாம்சனும் இவரும். பின்னால் மூட்டைக்கே இடம் போதவில்லை. தோட்டத்தில் காய் உலர்த்தும் வேலை பார்த்த பேச்சிமுத்து, சிலமலைக்காரர், பின்படியில் நின்றபடி வந்தார். மேகம் பாதையிலேயே படுத்திருந்தது. அடிவாரத்தில் முந்தல் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்த்தபோது பின்படியில் ஆள் இல்லை. பிடிமானத்துக்காக அவர் கம்பியில் சுற்றிய துண்டு மட்டும் ஈரத்தோடு இருந்தது, முடிச்சு அவிழாமல். எந்த வளைவில் விழுந்தார் என்று இருவருக்கும் தெரியவில்லை. திரும்ப மேலேறி, வளைவு வளைவாக நிறுத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேகத்துக்குள்ளிருந்து அவர்கள் குரலே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்ததாம். மறுநாள்தான் உடல் கிடைத்தது.

அதிலிருந்து பிரேம்சிங் மலைக்குப் போனால் ஜீப்பில் முன்னால் உட்காருவதில்லை. பின்படியில் நின்றுதான் போகிறார். "அண்ணே, உள்ள இடம் கெடக்கு, வாங்க" என்று ஓட்டுநர்கள் கூப்பிடுவார்கள். "ஆளு இருக்கு" என்பார். காலி இருக்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அவர்கள் வண்டியை எடுப்பார்கள்.

சாம்சன் காவல் நிலையத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தார். மெதுவாகத்தான் ஓட்டினேன், அந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஏறியிருக்கிறார், ஏறியதே எங்களுக்குத் தெரியாது. பேச்சிமுத்துவின் மனைவி செல்லத்தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது இதற்காகத்தான். இழப்பீட்டைப் பற்றி என் சீனியர் விளக்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அதெல்லாம் பெறகு. எம் புருசன் களவாணி மாதிரி ஏறல. கேட்டுட்டுத்தான் ஏறியிருப்பாரு. அத ஒரு ஆளு சொல்லணும்" என்றாள். சொல்லக்கூடிய ஆள் கீழ்க்கடையில் காயைக் காதில் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

சபையோ விபத்து நடந்த பத்தாம் நாளே கூடி விசாரித்து முடித்திருந்தது. ஒரு மத்தியான நேரம், ஜெப வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு பேர் உட்கார்ந்தார்கள். விசாரித்த மூப்பர் பிரேம்சிங்தான். வேகமாக ஓட்டியதையும் பேச்சிமுத்து ஏறியது தெரியும் என்பதையும் சாம்சன் ஒப்புக்கொண்டு அழுதார். மூன்று மாதம் இராப்போஜன அப்பத்திலும் ரசத்திலும் பங்கில்லை என்று தீர்ப்புச் சொல்லி, மன்னித்து, ஜெபித்து எழுந்தார்கள். சபைக்குள் பேசியது சபைக்கு வெளியே போகாது; எனக்கே இது பிற்பாடுதான் தெரிந்தது. செல்லத்தாய் சபையைச் சேர்ந்தவள் இல்லை. அவளைக் கூப்பிட வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஜெபத்தைப் பற்றி ஒருநாள் அவராகவே பேசினார். காய்த் தட்டில் பார்வையை வைத்துக்கொண்டு, மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"கண்ண மூடி எல்லாரும் ஆமென் சொன்னோம்த்தா. எட்டு ஆமென். பெறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். மூச்சு விடுற சத்தம் மட்டுந்தான் கேக்குது. எனக்கு ஒம்பது கேட்டுச்சு. ஒண்ணு, ஓடி வந்தவன் மூச்சு மாதிரி."

மாடிப்படி ஏறும்போது என் மூச்சை நானே கவனித்தேன். பத்தரைக்கு எழுந்து நிற்கும் வழக்கம் அவருக்கு அந்த ஜெபத்தின் மறுநாள்தான் தொடங்கியது என்பதைப் பெரியம்மாள் பிற்பாடு சொன்னாள்.

சாம்சன் மேல் காவல்துறை போட்ட வழக்கில் சாட்சி சொல்லப் பிரேம்சிங்குக்கு அழைப்பாணை வந்த வாரம் ஜெனி கடைக்கு வந்தாள். படியில் நின்ற என்னை அவள் பொருட்படுத்தவில்லை. கர்த்தர் மன்னித்ததை மறுபடி மனிதன் கையில் கொடுப்பது அவிசுவாசம் என்று மற்ற மூப்பர்கள் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொன்னாள். கடைசியில், "அவரு அழுதாருல்லண்ணே. நீங்கதான பாத்தீங்க" என்றாள்.

"அழுதாரு" என்றார் பிரேம்சிங். "செல்லத்தாய் முன்னாடி அழுகலையே."

அவள் போன பிறகு, என்ன சொல்லப் போகிறீர்கள் என்று நான் கேட்டேன். சாட்சியிடம் தனியாக இப்படிக் கேட்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. "கூண்டுல கேக்கட்டும்த்தா" என்றார். முகம் சுடச்சுட மாடி ஏறினேன்.

சாட்சி நாளன்று நீதிமன்றம் நிறைந்திருக்கவில்லை. சாம்சன் குற்றவாளிக் கூண்டில் நின்றார். செல்லத்தாய் கடைசி பெஞ்சில் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். கூண்டில் ஏறியதும் பிரேம்சிங் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். நீதிமன்ற எழுத்தர், வழக்கமாக எல்லாரும் சொல்வதுதானே, சொல்லிவிட்டுப் போங்கள் என்று சலித்துக்கொண்டார். நடுவர் நிமிர்ந்து பார்த்தார். இளம் பெண். அவர் பெயர் நாள்காட்டியில் கடைசியாக இருப்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சத்தியம் வேண்டாம், உண்மையைச் சொல்வதாக உறுதி கூறினால் போதும், சட்டத்தில் அதற்கு இடமுண்டு என்றார். பிரேம்சிங் உறுதி கூறினார். நூறு முறை நான் காதில் வாங்காமல் விட்ட அந்த ஒரு வரியை அன்று முதல்முறையாக முழுதும் கேட்டேன்.

பேச்சிமுத்து ஏறியது தெரியுமா என்று அரசு வழக்கறிஞர் கேட்டார்.

"தெரியும்யா. ஏறட்டுமான்னு கேட்டாரு. ஏறிக்கங்கன்னு ரெண்டு பேரும் சொன்னோம். பெறகுதான் ஏறுனாரு."

கடைசி பெஞ்சில் செல்லத்தாய் போர்த்தியிருந்த முந்தானையைத் தோளிலிருந்து இறக்கினாள். சாம்சன் தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டியவர் இங்கே இருக்கிறாரா, காட்டுங்கள் என்றார் வழக்கறிஞர். பிரேம்சிங் வலது கையை நீட்டித் தங்கை கணவரைக் காட்டினார்.

"அந்த மேகத்துல எதுக்கு அவ்வளவு வேகம்? உங்களுக்குத் தெரியுமா?"

இதைச் சபை விசாரணையில் யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டிய மூப்பர் அவர்தான்.

"ஏலத்துக்கு நேரமாச்சு, வெரசா விடு மாப்ளேன்னு ஒரு குரல் சொல்லிக்கிட்டே வந்துச்சுங்க. ஒவ்வொரு வளைவுலயும் சொல்லுச்சு."

யார் குரல் என்று நடுவரே கேட்டார். எழுத்தரின் தட்டச்சு நின்றது. சாம்சனை நோக்கி நீண்டிருந்த கையை பிரேம்சிங் இன்னும் இறக்கியிருக்கவில்லை. அந்த விரல் அப்படியே, மெதுவாக, தன் பக்கமாகத் திரும்பியது.