வசெமதா எடுத்து வந்த பல்

தலைநகர் சுவாவில் இருக்கும் தீவுவழி உரிம ஆணையத்தில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான். அது வசெமதாவுடையது. முன்பு அங்கே காகிதக் கட்டுகள் குடியிருந்தன. துறைமுகம் கட்டக் கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கி, ‘கப்பல் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கிற இடத்திலேயே பயணிகள் பக்கம் பேச ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்’ என்று நிபந்தனை போட்டது. ஆணையம் நன்றாக யோசித்தது. ஆளை உட்கார வைப்பதுதானே நிபந்தனை, ஜெயிக்க வைப்பது இல்லையே. காகிதக் கட்டுகளை நடைவழிக்குத் தள்ளிவிட்டு, கதவில் ‘நுகர்வோர் தரப்பு அலுவலர்’ என்று பலகை மாட்டினார்கள்.

அந்தப் பலகைக்குப் பின்னால் வசெமதா பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுதிய ஆட்சேப மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி நின்றால் இளநீர் பறிக்கலாம். ஜெயித்தது ஒரு முறை. உயிர்காப்புச் சட்டையை எப்படி மாட்டுவது என்று கப்பலில் ஒட்டியிருக்கும் தாளில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். சட்டைகள் அப்போதும் இல்லை. எழுத்து மட்டும் பெரிதாக இருந்தது.

விசாரணை நாளில் இடதுபக்க மேஜையில் நின்று, ‘இந்தக் கம்பெனிக்கு உரிமம் கொடுக்காதீர்கள்’ என்று ஆணையத் தலைவர் இசிரெலியைப் பார்த்துக் குரலை உயர்த்துவாள். மறுநாள் அதே இசிரெலியிடம் விடுப்புக் கடிதத்தை நீட்டி, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போடும்வரை நிற்பாள். அவர் கெட்டவர் இல்லை. மின்விசிறி ரிப்பேர் என்றால் உடனே குறித்துக்கொள்வார். குறித்துக்கொண்டு ஐந்து வருடமாயிற்று.

அந்த வருடம் அவள் கையில் இருந்தது சலியா தீவின் வழக்கு. சலியாவுக்குப் போகும் ஒரே கப்பல் ‘ஆந்தி சேனி’. போகும் என்றால், பக்கத்தில் போகும். பவளப் பாறைக்கு வெளியே நின்று ஊதிவிட்டு, ‘அலை பெரிது’ என்று பலகையில் எழுதி வைத்து, நேரே அடுத்த தீவுக்குப் போய்விடும். கடல் குளம்போல் கிடக்கும் நாளிலும் அந்தக் கப்பலின் கேப்டன் கண்ணுக்கு மட்டும் மலையளவு அலை தெரியும். சலியாவின் நாய்கள் அந்த ஊதலைக் கேட்டுத்தான் ஊளையிடப் பழகின. கப்பலைக் கிட்டத்தில் பார்த்த நாய் ஒன்றுகூட இல்லை.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகத்தான் அது இருந்தது, மார்ச் மாதம் வரை. மார்ச்சில் அந்தத் தீவுப் பெண் உனைசியின் புருஷன் எரோனிக்குக் கால் புண் அழுகிக் காய்ச்சல் ஏறியது. சுவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னாள் தீவு நர்ஸ். வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவனைப் படுக்க வைத்துக் கரையில் காத்திருந்தார்கள். கப்பல் வந்தது, ஊதியது, போயிற்று. அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள். எரோனிக்கு நான்கு நாள்தான் இருந்தது.

ஆகஸ்டில் கம்பெனி மனுப் போட்டது: சலியா வழியில் பத்து வருடத்துக்கு எங்கள் கப்பல் மட்டும்தான் ஓட வேண்டும். வேறு சின்னப் படகுக்காரர்கள் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

வசெமதாவுக்கு வேண்டியது ஒரு சாட்சி. நடந்ததைப் பயணியே நேரில் வந்து சொன்னால்தான் ஆணையம் காது கொடுக்கும். போன முறை சலியாவிலிருந்து இருநூற்றுப் பதினாலு கையெழுத்து வந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒருவரே போட்ட கள்ளக் கையெழுத்து என்று தள்ளிவிட்டார்கள். தீவில் இருந்ததே ஒரு பேனா, அதுவும் வாத்தியாருடையது என்று அவள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. இந்த முறை உனைசி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது, போன் பிடிக்கும் குன்றின்மேல் ஏறி நின்று கூப்பிட்டாள்.

“அக்கா, நான் வரலை.”

“ஏம்மா? உடம்புக்கு என்ன?”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. நேத்து கம்பெனி ஆளு வந்தாரு. பல்லு கொண்டு வந்தாரு.”

வசெமதா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். திமிங்கிலப் பல். மண்டியிட்டு, இரண்டு கையாலும் நீட்டி, ‘தப்பு எங்களுடையது’ என்று சொன்னால், வாங்கிக்கொண்டவர்கள் அந்தத் தப்பைப் புதைத்துவிட்டதாக அர்த்தம். அதற்கப்புறம் அதைப் பற்றி வாயைத் திறப்பவன் பிணத்தைத் தோண்டி எடுப்பவனுக்குச் சமம்.

“யாரு வந்தது? சகியுசாவா?”

“அவருதான். அழுதாருக்கா. நிஜமாவே கண்ணுல தண்ணி.”

“அவன் வெங்காயம் இல்லாமலே அழுவான்” என்றாள் வசெமதா.

சகியுசா கம்பெனியின் மக்கள் தொடர்பு ஆள். அவன் ஊர்க்காரர்களுக்கும் வசெமதாவின் அப்பா வழிக்காரர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை. பார்த்த இடத்தில் மச்சான், மச்சினி என்று வார வேண்டும், கோபம் வரக் கூடாது. அதனால் பதினோரு வருடமாக அவன்மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லாமல் இருந்தது.

அவள் சலியாவுக்குக் கிளம்பினாள், ஆந்தி சேனியிலேயே. விசாரணைத் தேதி குறித்த நாளிலிருந்து அந்தக் கப்பல் வாரம் இருமுறை சலியாவில் நிற்கத் தொடங்கியிருந்தது. நின்றதோடு இல்லாமல், கேப்டனே படகில் கை கொடுத்து இறக்கிவிட்டான்.

சலியா அவள் அம்மா பிறந்த ஊர். ஊர்த்தலைவர் அபெனிசா அவளுக்குச் சொந்தத் தாய்மாமா. அவர் வீட்டில் யங்கோனா வேரைக் கரைத்த பானச் சட்டியைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தலை தெரிந்ததும் மாமா கையைத் தூக்கினார்.

“டேய், பன்னியக் கட்டுங்க! பாயச் சுருட்டுங்க! கொள்ளைக்காரி வந்துட்டா!”

அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள் தாய்மாமன் ஊரில் எதை எடுத்தாலும் யாரும் தடுக்கக் கூடாது என்பது அங்கே முறை. எட்டு வயதில் வசெமதா அவருடைய பன்றிக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்.

யங்கோனா ஒரு சுற்று வந்ததும், “பல்ல ஏன் மாமா வாங்கினீங்க?” என்றாள்.

“மண்டி போட்டு நீட்டினான்மா. நீட்டின கையத் தட்டி விடறதுக்கு நாங்க என்ன மனுசங்க இல்லையா?”

“எதுக்கு நீட்டினான்?”

“எரோனி செத்ததுக்கு.”

“பத்து வருஷ உரிமத்துக்கு நீட்டினான், மாமா.”

“அத அவன் சொல்லலையே.” மாமா சட்டிக்குள் பார்த்தார். “சொல்லாதத நாங்க எப்படி வாங்காம இருக்கறது?”

கதவோரம் உட்கார்ந்திருந்த உனைசி தலை நிமிராமல் சொன்னாள். “எனக்குப் பேசணும் மாமா. அவரு அந்தக் கதவுமேல கிடந்து என்ன கேட்டாருன்னு சொல்லணும். ஆனா ஊரு வாங்கிடுச்சு. நான் என்ன செய்ய?”

பல் நடுத்தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய் பூசிப் பூசித் தேன் நிறமாகிப்போன பழம்பல், கனத்த கயிறு. வசெமதா எழுந்தாள். முட்டி கடக்கென்றது. நேரே போய்த் தூணிலிருந்து பல்லைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

 பல்லில்லாத ஒரு கிழவர் தொடையைத் தட்டினார். “எடுத்துட்டா! எடுத்தே போட்டுட்டாய்யா!” வீடே குலுங்கிச் சிரித்தது.

“அன்னிக்குப் பன்னி, இன்னிக்குப் பல்லு” என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இனிமே எம் பொண்டாட்டிதான் பாக்கி.”

“அத்தைய யாரு தூக்கறது? உங்ககிட்டயே இருக்கட்டும்.”

உள்ளிருந்து அத்தை ஒரு கரண்டியை வீசினாள். ஊர் கையிலிருந்து பல் போய்விட்டது. ஊர் வாய்க்குப் பூட்டும் போய்விட்டது. உனைசி அன்றே துணி மூட்டை கட்டினாள்.

கரை வரை வந்த மாமா படகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது சிரிக்கவில்லை. “பல்லு எங்க இருக்கோ, மன்னிச்ச வாக்கும் அங்கதான் இருக்கும். தெரியுமில்ல?”

“தெரியும் மாமா. சுவாவுல இறங்கினதும் அவன் கையிலயே திருப்பிக் கொடுத்துடுவேன். அந்த மன்னிப்பு வேண்டாம்னு ஆயிடும்.”

“அவன் கைய நீட்டணுமே” என்றார் அவர்.

அவன் நீட்டவில்லை. கம்பெனிக்குப் போனால் துறைமுகத்துக்குப் போயிருக்கிறான் என்றார்கள். துறைமுகத்தில் கேட்டால் பல் டாக்டரிடம் போயிருக்கிறான் என்றார்கள். பைக்குள் பல்லோடு அங்கேயும் போய் நின்றாள். கடைவாய்ப் பல்லைப் பிடுங்காமலே பின்வாசல் வழியாக ஓடியிருந்தான். மூன்று நாள் சுவா மழையில் அவள் அலைந்த அலைச்சலுக்குச் செருப்பு கரைந்து வார் மட்டும் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் படியில் பிடித்துவிட்டாள். ஒரு கையில் வேதப் புத்தகம், இன்னொரு கையில் குடை.

“மச்சான், கைய நீட்டு.”

“கை சுளுக்கு மச்சினி.”

“ரெண்டுமா?”

“ரெண்டும்தான். கப்பல் கயிறு இழுத்தேன்.”

“உன் தொப்பையில கட்டியிருக்கற கயிறத் தவிர நீ வேற எந்தக் கயிற இழுத்திருக்கே?”

படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். சகியுசாவும் சிரித்தான். ஆனால் புத்தகத்தையும் குடையையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். பல்லை அவன் காலடியில் வைத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் அதைத் தரையில் போட்டால் மாமா வீட்டையே தரையில் போட்டது போல. அவள் கை வரவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. உனைசி யாரிடமோ இரவல் வாங்கிய நீலச் சட்டையில், மடியில் கை கோத்து, முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வசெமதா எழுந்து சாட்சியின் பெயரைச் சொல்லுமுன் சகியுசா எழுந்தான்.

“ஐயா, ஒரே ஒரு கேள்வி. சலியாவுல நாங்க வச்ச பல்லு இப்போ எங்க இருக்குன்னு அம்மா சொல்லணும்.”

மச்சினி என்று சொல்லவில்லை. அம்மா என்றான். அவன் ஏன் கையை நீட்டவில்லை என்று அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

“என் பையில.”

இசிரெலி கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

“வசெமதா, நம்ம முறைப்படி பார்த்தா அவங்க மன்னிப்பு இப்போ உங்க கையில இருக்கு. ஏத்துக்கிட்டாச்சு. அலுவலக விதிப்படி பார்த்தா எதிர்த்தரப்புப் பொருள நீங்க வாங்கி வச்சிருக்கீங்க. எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னிக்கு நீங்க எழுந்து பேச முடியாது.”

“நான் பேசலைங்கய்யா. அந்தப் பொண்ணு பேசட்டும். நீங்களே கூப்பிடுங்க.”

“சாட்சியக் கூப்பிட வேண்டியது நுகர்வோர் தரப்பு அலுவலர்.” அவர் இடதுபக்க மேஜையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. “அந்த இடம் இன்னிக்குக் காலி.”

மீதி விசாரணை பதினோரு நிமிடத்தில் முடிந்தது. உரிமம் பத்து வருடத்துக்கு. ஒவ்வொரு தீவிலும் கப்பல் நிற்க வேண்டும், வானிலை இடம் கொடுத்தால்.

வெளியே வந்தபோது சகியுசா கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

“ஏதாவது கேலி பண்ணு மச்சான்” என்றாள் வசெமதா. “முறை இருக்குல்ல.”

  அவன் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான்.

அன்பளிப்புப் பதிவேட்டைக் குமாஸ்தா கொண்டு வந்தாள். ஏற்கெனவே அதில் ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு பிஸ்கட் டப்பாவும் இருந்தன. மூன்றாவது வரியில், ‘பல், ஒன்று’ என்று எழுதிக்கொண்டு, வசெமதாவின் பையிலிருந்து பல்லை எடுத்து அலமாரியில் பூட்டினாள். விசாரணைக்கு முன் நீளாத கைகள் எல்லாம் இப்போது எளிதாக நீண்டன.

நடைவழி பெஞ்சில் உனைசி இன்னும் உட்கார்ந்திருந்தாள். வசெமதா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முடிஞ்சிடுச்சாக்கா?”

“முடிஞ்சிடுச்சும்மா.”

“என்னக் கூப்பிடவே இல்லையே.”

  உனைசி எழுந்து நின்றாள். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, வலது கையைத் தூக்கி, பல நாளாக மனப்பாடம் செய்ததைத் தொடங்கினாள். “என் பேரு உனைசி. சலியா தீவு. மார்ச் மாசம் ஒன்பதாம் தேதி, காலையில, கடல்ல அலை இல்ல...”

குமாஸ்தா தேநீர்த் தட்டோடு ஒதுங்கிக் கடந்து போனாள். உள்ளே யாரோ மின்விளக்கை அணைத்தார்கள். உனைசி எதையும் விடவில்லை. கதவின் கீல், எரோனி கேட்ட தண்ணீர், ஊதல் சத்தம் கேட்டதும் அவன் எழுந்து உட்காரப் பார்த்தது, எல்லாம் சொன்னாள். வசெமதா கடைசி வார்த்தை வரை கேட்டாள். கையில் பேனா இருந்தது. எழுதித்தான் யாரிடம் கொடுப்பது?

“சரியாச் சொன்னேனாக்கா?”

“சரியாத்தான் சொன்னே” என்றாள் வசெமதா. “உக்காரு.”