ஒட்டிக்கொண்ட இருபத்தாறு பக்கங்கள்

படிக்காத இருபத்தாறு பக்கங்களுக்காக ஒரு நாவலை ஊர் முன்னால் கால் மணி நேரம் புகழ்ந்தவன் நான். குடித்திருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை.

குன்னூரில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு ஞாயிறு மதியம் கூடும். மொத்தம் பதினோரு பேர். அந்த ஆடி மாதக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: வட்டத்துக்கு இனிமேல் புத்தகம் தேர்ந்தெடுப்பது யார்? அந்தப் பொறுப்பின் மேல் எனக்கு வெகுநாளாக ஒரு கண். டீ ஃபேக்டரி ஆபீசில் இருபது வருஷமாக மற்றவர்கள் தேர்ந்தெடுத்ததற்கெல்லாம் தலையாட்டியவன். ஒரு இடத்திலாவது என் தலை ஆடுகிறதா என்று நாலு பேர் பார்க்கட்டுமே என்ற ஆசை. போதாக்குறைக்கு நான் எழுத்தாளன் வேறு. ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. வேண்டாமென்று சொல்லத் தெரியாத எல்லோரிடமும் ஒரு பிரதி உண்டு.

எனக்குப் போட்டி ஒருவர்தான். மார்க்கெட் பக்கம், மொறுமொறு வர்க்கி பிஸ்கட் சுடும் பேக்கரி வைத்திருக்கும் பாய். மாவு விரலோடு படிப்பவர். நான் படித்து முடித்த புத்தகம் அடுத்து அவரிடம்தான் போகும்.

என் தேர்வுத் திறமையைக் காட்ட, சமீபத்தில் படித்த மூன்று நாவல்களைப் பற்றிப் பேசினேன். முதலாவதில், ஏழு வீரர்கள் மந்திர வாளைத் தேடி முந்நூறு பக்கம் மழைக்காட்டில் நடக்கிறார்கள். "ஒருத்தர் காலிலாவது அட்டை கடித்ததா? பர்லியாரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒதுங்கிவிட்டு வருவதற்குள் எனக்கு மூன்று ஏறிவிடுகிறது. டிராகனை நம்புகிறேன். அட்டை இல்லாத மழைக்காட்டை நம்பமாட்டேன்" என்றேன். சிரித்தார்கள்.

இரண்டாவது, செவ்வாய்க் கிரகத்தில் குடியேறியவர்களின் கதை. கதாநாயகன் காற்றே இல்லாத பாறையில் உட்கார்ந்து, திறந்த பாத்திரத்தில் ஐந்து நிமிஷத்தில் பருப்பு வேகவைக்கிறான். "காற்று மெலிந்த நம்ம மலை உயரத்துக்கே, குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேகப் பொழுது போய்விடும். ஆசிரியர் கிரகம் விட்டுக் கிரகம் போயிருக்கிறார், சமையலறைக்குத்தான் போனதில்லை." மறுபடி சிரிப்பு. பொறுப்பு என் கைக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாவதில் ஒரு விண்கலத் தலைவி விஷ மேகத்துக்குள் விழுகிறாள். மூச்சு நிற்கிறது. தாளைத் திருப்பினால் வேறொரு கிரகத்தில், தலை நரைத்து, கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். "எப்படித் தப்பினாள்? ஒரு வரி கிடையாது! எழுதாமல் விட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!" என்று முழங்கினேன். அந்த இடத்தில் தாள் பலகை மாதிரித் தடித்திருந்தது உண்மைதான். ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன். பக்க எண் பார்க்கிற வழக்கமும் எனக்கில்லை. இன்னும் எத்தனை பாக்கி என்று பார்ப்பவன் வாசகனே அல்ல என்று போன மாதம்தான் அதே மேடையில் பேசியிருந்தேன்.

பாய் கை தூக்கினார்.

"ஏனுங்க சார், அந்தம்மா தப்பிச்ச கதை இருபத்தாறு பக்கம் வருதுங்களே?"

"எந்தப் பதிப்பில்?" என்றேன் மிடுக்காக.

"நீங்க படிச்ச அதே பொஸ்தகந்தானுங்க. சன்னலோரம் வெச்சிருந்தீங்களாட்ட இருக்குது, சாரல் குடிச்சு ஒட்டிக்கிச்சு. வர்க்கி அடுப்பு மேல ஒரு பகல் வெச்சனுங்க, தானாப் பிரிஞ்சு வந்துருச்சு."

பையிலிருந்து எடுத்தும் கொடுத்தார். புத்தகம் வரிசையாகக் கைமாறியது. எல்லோரும் அந்தப் பக்கங்களைப் புரட்டினார்கள். ஒருவர் முகர்ந்து பார்த்து, "வாசனை நல்லாருக்கு" என்றார்.

தேர்வு சீக்கிரம் முடிந்தது. பாய்க்கு நானும் கை தூக்கினேன், மூன்றாவது ஆளாக. முதலில் தூக்கினால் நடிப்பென்பார்கள், கடைசியில் தூக்கினால் பொறாமையென்பார்கள்.

வீடு திரும்பும் இறக்கத்தில் பாய் தன் குடைக்குள் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஒரு பொட்டலம் வர்க்கியையும் கையில் திணித்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க சார். ஆருக்கும் நடக்கறதுதான். உங்க கதைப் பொஸ்தகம் படிச்சப்பவும் எனக்கு அதே சந்தேகம் வந்துச்சுங்க, நடுவுல என்னமோ ஒட்டிக்கிட்டிருக்கும்னு. ரெண்டு நாள் அடுப்பு மேல வெச்சுப் பாத்தேன்."

ஆவலாக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஒட்டலீங்க. எல்லாப் பக்கமும் சரியாத்தான் இருந்துச்சு."