பலா மரத்தடியில் ஒன்றரை சென்ட்

எங்கள் வீட்டுக்கு வண்டி வராது. ரோட்டிலிருந்து படி இறங்கி, கால்வாய்க்கரையின் ஒற்றையடிப் பாதையில்தான் வர வேண்டும். பழைய கார் ஒன்றை வாங்கி டாக்சி ஓட்டத் தொடங்கிய பிறகு, அதை நிறுத்த இடமில்லாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் நிறுத்தினேன். கடை வாடகைக்குப் போனதும் எடுக்கச் சொன்னார்கள். பிறகு சர்ச் வாசலில் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எடுத்தாக வேண்டும்.

ரோட்டோரம் ஒரு பலா மரத்தோடு ஒன்றரை சென்ட் சும்மா கிடந்தது. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருடைய இடம். கடை கட்டக் கேட்டு வந்தவர்களை எல்லாம் அவர் திருப்பி அனுப்பியிருந்தார். இருந்தாலும் விலைக்குக் கேட்கத் துணிந்து போனேன்.

“வீடு வைக்க பத்தாதே. உனக்கு எதுக்கு?” என்றார்.

“வண்டி நிறுத்ததுக்காக்கும், டீச்சரே.”

“பிலாவ வெட்டுவியா?”

“வெட்டமாட்டேன். வண்டிக்கு நெழலு வேணுமில்லியா?”

“சக்கப்பழம் வண்டிக்க மேல விழுந்தா?”

“விழதுக்கு முன்ன பறிச்சு டீச்சருக்குக் கொண்டு தாறேன்.”

சிரித்துவிட்டார். அந்த வாரமே சம்மதம் சொல்லி அனுப்பினார்.

நெய்யாற்றின்கரையில் ஆதாரம் என்கிற கிரயப் பத்திரம் எழுதுபவர், என் கணவரைப் பார்த்துப் பெயர் கேட்டார். கொத்து வேலையிலிருந்து நேரே வந்திருந்த அவர், சிமென்ட் காய்ந்த விரலால் என்னைக் காட்டினார்.

“வண்டி ஓட்டுதது அவளாக்கும், சாரே. அவளுக்க பேரில எழுதணும்.”

கையெழுத்துப் போட்டேன். எழுத்து தெளிவாக விழுந்தது.

சாயங்காலங்களில் கணவரே மண்ணை நிரப்பி, பக்கச்சுவரும் கட்டினார். சுவர் காய்ந்ததும் அம்மாவை அழைத்து வந்து முன்சீட்டில் உட்காரவைத்தேன். ரோட்டிலிருந்து ஒரே திருப்பில் ரிவர்ஸ் எடுத்து மரத்தடியில் நிறுத்தினேன். எங்கும் உரசவில்லை.

“எறங்கும்மா.”

“இரி மக்கா, கொஞ்சம் கழியட்டு.”

கண்ணாடியை இறக்கச் சொன்னாள். பால் வாங்கிக்கொண்டு அந்த வழியே போன ஒரு பெண்ணைக் கைகாட்டி நிறுத்தினாள்.

“எனக்க மொவளுக்க எடமாக்கும்.”

அதற்குப் பிறகும் மூன்று பேரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள்.