அங்கம்மாவுக்கு என்ன கொடுப்பது?

1. குளவி

அங்கம்மாவை லொறியிலிருந்து இறக்கியபோது முகமே தெரியவில்லை. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். கூடு கலைந்து குளவிகள் மொய்த்துவிட்டன. கண்ணும் உதடும் வீங்கி ஒன்றாகிக் கிடந்தன.

அறுபதுகளின் தொடக்கம் அது. இலங்கை மலையகத்து ஆஸ்பத்திரியொன்றின் பெண்கள் வார்ட்டில் நான் நர்ஸ். வீக்கம் வடியத் தொடங்கியதும் பிழைத்துவிட்டாள் என்றே நினைத்தோம். ஆனால் சிறுநீர் நின்றுபோனது. கடைசியாக வந்த கொஞ்சமும் பால் சேர்க்காத தேத்தண்ணியின் நிறத்தில் இருந்தது.

எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "குளவி விஷம் கிட்னியை அடிச்சுப்போட்டுது, பிள்ளை. கொஞ்ச நாள் போனா அது தானா எழும்பக்கூடும். அதுவரைக்கும் இவவை உயிரோட வச்சிருக்க வேணும்."

இன்று இளம் நர்ஸ்களான நீங்கள் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு வேலை செய்கிறீர்கள். எங்களிடம் அது இல்லை.

2. டொக்டர் சொன்ன சாப்பாடு

சோறு, பருப்பு, இறைச்சி, பழம் எதுவும் கூடாது. தண்ணீர் அளந்துதான். கொடுக்க வேண்டியது சீனியும் பட்டரும் மட்டும். எனக்குப் புரியவில்லை.

"ஒன்னுமே குடுக்காம விட்டா என்ன டொக்டர்? கிட்னிக்கு ஓய்வுதானே?"

"பட்டினி போட்டா உடம்பு தன்ர சதையையே தின்னும். சதை கரைஞ்சு வாற கழிவு எங்க போறது? சீனியும் கொழுப்பும் எரிஞ்சா அந்தக் கழிவு இல்லை."

"முந்தி குடுத்துப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லை. வாசிச்சிருக்கிறன்."

அந்தப் பதில் எனக்குப் பயத்தைவிட ஆவலைத்தான் தந்தது. டின் பட்டரில் உப்பு இருக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் திரும்பத் திரும்பப் பிசைந்து கழுவி, சீனி சேர்த்து உருட்டினேன். டொக்டர் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார். விழுங்கவே கஷ்டப்பட்டார்.

"பாவம், வருத்தக்காரி இதை எப்பிடித் தின்னப்போறா?"

அங்கம்மா தின்றாள். தின்றதையெல்லாம் வாந்தியெடுத்தாள்.

3. வீரய்யா

அவள் புருஷன் வீரய்யா பார்வையாளர் நேரத்தில் இளநீரும் கோழி ரசமும் கொண்டுவந்தார். வாசலிலேயே நிறுத்தினேன்.

"மிஸி, குளவி கொல்லல. நீங்கதான் பட்டினி போட்டுக் கொன்னுடுவீங்க போல இருக்கு!"

"இளநீர்ல ஒரு உப்பு இருக்குங்க. கிட்னி வேலை செஞ்சா அது வெளிய போயிடும். இப்ப போகாது. ஒடம்புல சேர்ந்து நெஞ்ச நிறுத்திப்புடும்."

அவர் இளநீரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு புள்ளைங்க லயத்து வீட்டுல ஆத்தா எங்கன்னு கேக்குதுங்க. நான் சும்மா கைய வீசிக்கிட்டு வந்து பார்த்துட்டுப் போறதா?"

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "வீட்டுல மாடு இருக்குங்களா?"

"ஒன்னு கறக்குது."

"அப்ப வெண்ணெய் கடைஞ்சு கொண்டாங்க. மோர் ஒட்டாம அலசிடுங்க. உப்பு மட்டும் போட்டுறாதீங்க."

மறுநாள் வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்தார். டொக்டர் முகர்ந்து பார்த்துத் தலையசைத்தார். சீனியோடு ஒரு ஏலக்காயைப் பொடித்துச் சேர்த்து, சுண்டைக்காய் அளவில் உருட்டினேன்.

அங்கம்மா வாயில் வைத்ததும் கண்ணைத் திறந்தாள். "நம்ம வீட்டு வெண்ணெயா?"

"ஆமா புள்ள," என்றார் வீரய்யா. "கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு."

நான் வாந்தி பிடிக்கும் பேசினை ஏந்திக்கொண்டு நின்றேன். அது தேவைப்படவில்லை.

4. வந்தது

அதன் பிறகும் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வந்தன. விக்கல் எடுத்தது, மயங்கிக் கிடந்தாள், மெலிந்தாள். வீரய்யா வெண்ணெயோடு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு காலை அட்டெண்டன்ட் வார்ட்டின் மறுகோடியிலிருந்து கத்தினாள்: "மிஸி, ஓடியாங்க! வந்திருச்சு!"

டொக்டர் அந்தக் கண்ணாடிக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். கொஞ்சம் சிறுநீர்தான். ஆனால் வெளுத்திருந்தது. பிறகு குடம் குடமாகப் போகத் தொடங்கியது. இப்போது உடம்பு வற்றிவிடாமல் தண்ணீர் கொடுத்துக் காத்தோம். கடைசியில் குழைந்த சோறு கொடுத்தபோது, "கருவாடு இல்லையா மிஸி?" என்று கேட்டாள். டொக்டர் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவள் வீட்டுக்குப் போன அன்று அவரிடம் கேட்டேன்: "வெண்ணெய்தான் காப்பாத்துச்சா டொக்டர்?"

"தெரியாது பிள்ளை. கிட்னி தானாத்தான் எழும்பினது. ஆனா அது எழும்பேக்க அவ உயிரோட இருந்தா."

அதன் பிறகு எந்த வார்ட்டில் வேலை செய்தாலும், நோயாளியிடம் மருந்து குடித்தாயா என்று கேட்கும்போதே என்ன சாப்பிட்டாய் என்றும் கேட்டேன். கூடாத சாப்பாட்டோடு வந்தவர்களை வாசலில் தடுத்தால், எதைக் கொண்டுவரலாம் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.