காது இல்லாத முயல்

2004ஆம் ஆண்டுக் குளிர்காலம். ஒஸ்லோவில் சுரங்க ரயில் பாதை முடிகிற வெஸ்ட்லியில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நானும் கணவரும் குடியிருந்தோம். எதிர்வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு நோர்வேப் பெண்மணி தனியாக இருந்தார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் வாய் திறந்து நோர்வே மொழி கதைக்கப் பழகியது அவரோடுதான். என் பிழைகளைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவர்.

அந்த மாசி மாதம் பேருந்துத் தரிப்பிடத்தில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து அவருடைய இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். வீட்டுத் திறப்பை என் கையில் வைத்து, ஓர் உதவி வேண்டும் என்றார். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் கேட்கிறார் என்று நினைத்து, அதற்கென்ன என்று முன்கூட்டியே தலையாட்டிவிட்டேன். பிறகுதான் சொன்னார். படுக்கையறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறதாம். அதற்குள் ஒரு பாம்பு இருக்கிறதாம்.

விஷமில்லாத, செம்மஞ்சள் நிறப் பாம்பு. பல வருடங்களாக வளர்க்கிறார். வாரத்துக்கு ஒருமுறைதான் சாப்பிடும், அண்மையில்தான் இரை எடுத்திருக்கிறது, அதனால் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். அதன் படுக்கை ஈரமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக ஒருவருக்கும் தெரியக்கூடாது. அந்தக் காலத்தில் நோர்வேயில் வீட்டில் பாம்பு வளர்ப்பது சட்டப்படி குற்றம். "தெரிந்தால் கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள்" என்று சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்ட கையோடு எழும்பிவிட்டார்.

"இஞ்சாரும், உமக்கென்ன விசரே? எங்கடை சிற்றிசன் பேப்பர் பொலிஸிலை கிடக்குது. இந்த நேரத்திலை போய்ப் பாம்பாட்டி வேலை பாக்கப்போறீரோ?"

"நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"நீர் ஓமெண்டது பூக்கண்டுக்கு. பாம்புக்கில்லை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கட்டிலில் அசைய முடியாமல் கிடந்த ஒருவர் என்னை நம்பியல்லவா கேட்டார். இனிப் போய் மாட்டேன் என்று சொல்ல எனக்கு முகமில்லை.

நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். பாம்பென்றால் எங்களுக்குப் பயம் பாதி, பக்தி பாதி. முழுகி, விபூதி பூசிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனேன். பெட்டியின் அடியில் வெள்ளையாக, மணமே இல்லாத மரச்சீவல் பரப்பியிருந்தது. பாம்பு தன் மறைவிடத்திலிருந்து மூக்கை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மெதுவாகத் தண்ணீர்க் கிண்ணத்தை இழுத்தேன். அது நாக்கை நீட்டியது. அவ்வளவுதான், என் கை தானாக உதறியது. கிண்ணம் கவிழ்ந்து சீவல் முழுக்க நனைந்துவிட்டது.

ஒரு பழைய அகப்பையால் ஈரச் சீவலை அள்ளி எடுத்தேன். புதிதாகப் போடலாமென்றால் அலுமாரியில் இருந்த பை வெறும் பை. வேறு வழியில்லாமல் ரயிலேறி, சில தரிப்புகள் தள்ளியிருந்த செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் அங்கே நின்றார். என்ன பிராணிக்கு என்று கேட்டார். கண்ணில் பட்டது ஒரு முயல் படம். "முயலுக்கு" என்றேன். அவர் உடனே முயல்களுக்குப் போடுகிற மரச்சீவல் வகைகளைக் காட்டினார். ஒன்று சாதாரணமானது. இன்னொன்று பைன் மரச்சீவல், எலுமிச்சை வாசனை சேர்த்தது. பையைத் திறக்காமலே கமகமவென்று மணந்தது. பாம்புக்கு, அதுவும் நாகதம்பிரானின் இனத்துக்கு, மணமில்லாததையா போடுவது? கோயிலுக்குப் பூ வாங்குகிற மாதிரி, நன்றாக மணக்கிற பையைத் தெரிந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்து தடிப்பாகப் பரப்பினேன். அறை முழுக்க வாசனை. ஒரு பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தி எனக்கு.

அது இரண்டு நாளைக்குத்தான் நிலைத்தது. சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தபோது பாம்பு மறைவிடத்தை விட்டு வெளியே வந்து, தலையைக் கண்ணாடியில் சாய்த்து மேலே நிமிர்த்தியபடி கிடந்தது. வாய் திறந்திருந்தது. மூச்சு விடும்போது சின்னதாக ஒரு விசில் சத்தம். வாயோரத்தில் நுரை கட்டியிருந்தது. பாம்பு பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே விளங்கியது, இது சாகப்போகிறது.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் பிடிபடும், பிடிபட்டால் கொன்றுவிடுவார்கள். கொண்டுபோகாவிட்டால் இங்கேயே சாகும். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து அவரிடம் கேட்போமென்றால், அன்றைக்குத்தான் சத்திரசிகிச்சை முடிந்து மயக்கத்தில் இருக்கிறார் என்றார்கள். அழுகை வந்துவிட்டது. அந்தக் கடை ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை நேரத்தோடு பூட்டிவிடுவார்கள், மறுநாள் ஞாயிறு. சப்பாத்து நூலைக்கூடக் கட்டாமல் ஓடினேன்.

கடையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். அதே பெண். "என் முயலுக்கு மூச்சு விட முடியவில்லை" என்றேன்.

தும்முகிறதா என்று கேட்டார். இல்லை, வாயைத் திறந்தபடி கிடக்கிறது என்றேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று கேட்டார். இருந்த பதற்றத்தில், "அது வாரத்துக்கு ஒருமுறைதானே சாப்பிடும்" என்று சொல்லிவிட்டேன்.

என்னை ஒருமுறை பார்த்தார். பின்னால் நின்ற ஆட்களை ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"உன் முயலுக்குக் காது இருக்கிறதா?"

கணவரின் முகமும் பொலிஸில் கிடக்கும் குடியுரிமை விண்ணப்பமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. தொலைபேசி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திரும்பி ஓடிவிடலாம்தான். ஓடினால் அந்தத் திறந்த வாய்?

"இல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, அலமாரியில் சாமான் அடுக்குகிறவர் போலத் திரும்பிக்கொண்டார். அலமாரியைப் பார்த்தபடியே கதைத்தார்.

"காது இல்லாத முயல் இந்த நாட்டில் இல்லை. அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அப்படி ஒன்று என்னிடம் இருந்தால், இந்தச் சீவலில் ஒரு துண்டுகூட விடாமல் இப்போதே எடுத்துவிடுவேன். பைன் எண்ணெயும் வாசனையும் அதன் நெஞ்சைப் பிடித்துவிடும். வெறும் செய்தித்தாளை விரிப்பேன். அறையைக் காற்றாட விட்டு, பிறகு நல்ல சூடாக வைத்திருப்பேன். திங்கட்கிழமைக்குள் சுகம் வராவிட்டால், என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வைத்தியரிடம் உண்மையைச் சொல்வேன்."

என் பெயரைக் கேட்கவில்லை. எங்கே இருக்கிறேன் என்றும் கேட்கவில்லை. அடுத்த ஆளிடம் போய், மீன் தீவனம் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு ஓடி வந்து கணவரைக் கூப்பிட்டேன். இரண்டு ஏச்சு ஏசிவிட்டு, தலையணை உறை ஒன்றை எடுத்துக்கொண்டு அவரும் வந்தார். அதுவரை நான் அந்தப் பாம்பைத் தொட்டதில்லை. சீவல் முழுவதையும் எடுப்பதென்றால் தூக்கத்தானே வேண்டும். கண்ணை மூடினால் பிடி தவறிவிடும் என்பதால் திறந்துகொண்டே, முருகா முருகா என்று கையைக் கீழே விட்டுத் தூக்கினேன். வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்து, இளஞ்சூடாக இருந்தது. என் உள்ளங்கைக்குள் அதன் மூச்சு இழுபடுவது தெரிந்தது. கடிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. அந்த நேரம் எனக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. பாவம், பாவம் என்று மட்டும்தான் இருந்தது.

"உதுக்குள்ளை மெல்ல விடும்," என்று கணவர் உறையைப் பிடித்தார். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பியிருந்தார்.

பெட்டியைத் துடைத்தோம். செய்தித்தாளுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் இருந்தவை, நகருக்குள் குறொன்லாண்டில் இருக்கும் தமிழ்க் கடையில் வாங்கிய வாரப்பத்திரிகைகள்தான். கணவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"சாமிப் படம் இருக்கிற பக்கத்தைப் போட்டிடாதையும். மரண அறிவித்தல் பக்கம் கனக்கக் கிடக்கு, அதை விரியும்."

சிரிக்கிற நிலைமையா அது? ஆனாலும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

அன்று முழுக்க மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். வாய் திறந்தபடியேதான் இருந்தது. ஞாயிறு காலை கதவைத் திறக்கும்போதே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். விசில் சத்தம் குறைந்திருந்தது. மாலையில் அது வாயை மூடி, மறைவிடத்துக்குள் சுருண்டு படுத்துவிட்டது. திங்கட்கிழமை கிண்ணத்தில் தண்ணீர் குடித்தது. கணவர்தான் முதலில் கண்டு, ஏதோ பிள்ளை பாஸான மாதிரிக் கத்தினார்.

எதிர்வீட்டுப் பெண்மணி ஊன்றுகோலோடு வீடு திரும்பியபோது நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். எங்கள் விண்ணப்பமும் ஒரு குறையுமில்லாமல் நிறைவேறியது. பல வருடங்களுக்குப் பிறகு சட்டம் மாறி, அந்த வகைப் பாம்பை வளர்க்கலாம் என்று அனுமதியும் வந்தது.

இப்போது நான் ஒரு மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்களும் வருவார்கள், மற்றவர்களும் வருவார்கள். சிலர் மேசையருகே குனிந்து, சிநேகிதி ஒருத்திக்கு உடம்பில் ஒரு வருத்தம் என்று தொடங்குவார்கள். யார் அந்தச் சிநேகிதி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கே அவர் வைத்தியரைப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்வேன். குறித்த நேரத்துக்கு வந்து உட்காருவது எப்போதும் அவர்களேதான். பயத்தில் பொய் சொல்கிற ஒருவருக்கு உதவ, அந்தப் பொய்யை முதலில் உடைக்கத் தேவையில்லை என்பதை எனக்குக் காட்டித் தந்தவருக்கு, நான் இன்றுவரை ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.